தோளுக்குப் பின்னால் ஒரு காது

பிளெக்ஸில் நின்ற ஆள் யோகப்பிரியாவின் அப்பாருவே இல்லை. முகம் தாத்தாவுடையதுதான், அதில் சந்தேகமில்லை. அந்த முன்பல் சந்தும், வலது புருவத்தை ரெண்டாக வெட்டிய தழும்பும் வேறு யாருக்கு உண்டு? கழுத்துக்குக் கீழேதான் அக்கிரமம். எவனோ ஒரு பயில்வானுடைய உடம்பு, மார்பு நிறையத் தோட்டா மாலை, கையில் இந்த உலகத்திலேயே இல்லாத ஒரு துப்பாக்கி. பின்னால் பனிமலை, ரெண்டு டாங்கி, போதாக்குறைக்குப் பாய்கிற புலி ஒன்று. ‘கார்கில் சிங்கம் ஹவில்தார் ரத்தினசாமி அவர்களுக்கு வீர வணக்கம்.’ கீழே கைகூப்பியபடி பெரியப்பா பூபதிராஜா, அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அவர் மகன் கௌசிக். கருமாதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை முடிந்து கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வந்து இறங்கியவள், ஊர் முக்கில் அப்படியே நின்றுவிட்டாள்.

கார்கிலில் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாரு எங்கே இருந்தார் தெரியுமா? இதே ஊரில், தோட்டத்தில் கடலைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தார். பென்சன் வாங்கிப் பல வருசம் ஆகியிருந்தது. யோகப்பிரியா பிறந்ததும் அந்த வருசம்தான். பாலக்காட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைத் துணியோடு கையில் வாங்கி, கண்ணையும் மூக்கையும் விட்டுவிட்டு முதலில் ரெண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தவர் அவர். “காலு நல்லாருக்குது. இனி கவலையில்ல” என்றாராம். ஆஸ்பத்திரியே சிரித்ததாம்.

பட்டாளத்தில் அவர் பார்த்த வேலை அப்படி. கோவேறு கழுதை மேய்த்தார். அலங்காரமில்லாமல் சொன்னால் அதுதான். ஜீப் ஏறாத, லாரி திரும்பாத மலைகளில் மேலே காவல் நிற்கிற சிப்பாய்களுக்கு மாவு, மண்ணெண்ணெய், மருந்து, தோட்டா எல்லாம் கோவேறு கழுதை முதுகில் போகும். அதற்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரத்தினசாமி போவார். இந்திக்காரர்கள் அந்த மிருகத்தைக் கச்சர் என்பார்கள். அப்பாருவும் கடைசிவரை கச்சர் என்றுதான் சொன்னார். “மேல இருக்கறவனுக்குச் சோறு போகாட்டி, அவன் கையில இருக்கற துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய் அம்மிணி” என்பார். சண்டைக்குப் போனாரா, போனார். யாரையாவது சுட்டாரா, இல்லை. ஏன் சுடவில்லை என்று ஊரில் எவனாவது வம்புக்குக் கேட்டால், “ரெண்டு கையிலயும் கயிறு இருந்துச்சு” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார்.

நம் பக்கத்தில் பிள்ளைகளைத் திட்டவே ‘கழுதை மேய்க்கத்தான் லாயக்கு’ என்கிறோம். தென்னந்தோப்பும் கிணறும் வைத்திருக்கிற குடும்பத்தில் ஒருத்தர் பட்டாளத்துக்குப் போய் அதையே செய்துவிட்டு, அதைத் தலை நிமிர்ந்து வேறு சொன்னால் எப்படி இருக்கும்? அப்பாருவுக்கு அது ஒன்றுமே இல்லை. வலியெல்லாம் பெரியப்பாவுக்கு.

பெரியப்பாவையும் ஒரேயடியாகக் கரித்துக்கொட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் அவர் பெயரே ‘கழுதை பூபதி’. கணக்கில் தப்புப் போட்டால் வாத்தியார், “உனக்கென்னடா, அப்பனோட போயிரலாம்” என்பாராம். பென்சன் வந்த கையோடு அப்பாரு சந்தையில் ஒரு மட்டக்குதிரையை வாங்கி வண்டி கட்டினார். சாயங்காலம் குளம்பு பார்க்கும்போது அதன் காலைத் தூக்கிப் பிடிக்கப் பெரியப்பாவைத்தான் கூப்பிடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பையன்கள் கழுதை மாதிரி கத்திக் காட்டுவார்கள். ஒரு நாள் பெரியப்பா, “இனி தொடமாட்டேன்” என்று கையை உதறிவிட்டு வந்தவர், அதற்கப்புறம் ஆடு மாடு எதையும் தொட்டதில்லை. தலையெடுத்ததும் கட்டுத்தரையை இடித்து டிராக்டர் செட் போட்டார்.

கல்யாண வயசில்தான் முதல் பொய். பெண்வீட்டில் “அப்பாவுக்குப் பட்டாளத்துல என்னங்க வேலை?” என்று கேட்டபோது, “பீரங்கிங்க” என்று வாயில் வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்து ஒவ்வொரு விசேசத்துக்கும் அந்தப் பீரங்கி பெரிசாகிக்கொண்டே போனது.

இப்போது கௌசிக்குக்கு முப்பத்திரண்டு. நம் பக்கத்துப் பையன்களுக்குப் பெண் கிடைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? ஜாதகம் தூக்கிக்கொண்டு ஈரோடு வரை போய் வெறுங்கையோடு திரும்பிய குடும்பம் அது. கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் செங்கோட்டையன் என்பவருடைய மகள் அனுப்பிரியா ஒத்துவந்தாள். வாய்ப்பேச்சு முடிந்து, நிச்சயம் வைக்கிற நேரத்தில் அப்பாரு போய்விட்டார். அந்தச் சம்பந்தி வீட்டார் கருமாதிக்கு வருகிறார்கள். அவர்கள் கண்ணில் படவேண்டும் என்றுதான் இந்தப் பிளெக்ஸ்.

யோகப்பிரியா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பெரியப்பா, முக்குல நிக்கறது ஆருங்க?”

பெரியப்பா பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். வாசல் முழுக்கப் புதுசாக ஜல்லி கொட்டியிருந்தது, கார்கள் சேற்றில் மாட்டக்கூடாதென்று. “பார்த்தியா? நல்லா வந்திருக்குதல்லோ?” என்றார்.

“அப்பாரு கார்கிலுக்கு எப்பங்க போனாரு?”

“ஆரு அம்மிணி கணக்குப் பார்க்கறாங்க? பட்டாளம்னா பட்டாளம்தான்.”

“என்ற கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கறாருங்க. ‘நான் போனா உன்ற பெரியப்பன் என்னைய ஜெனரலாக்கிப் போடுவான், உட்ராதே. கச்சர்க்காரன் செத்தான்னு சொல்லு, அது போதும்’னாரு. நான் சொல்றனுங்கன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்.”

பெரியப்பாவின் முகம் சிறுத்துப் போனது. பந்தல்காரனை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். “இந்தா பாரு. உங்கப்பன் செத்ததுக்கப்புறம் உன்னையும் உங்கம்மாளையும் இந்த ஊட்டுல வெச்சுப் பார்த்திருக்கறோம். கௌசிக்குக்கு இதுவும் போச்சுன்னா அப்புறம் அவன் தனிமரந்தான். அன்னைக்கு நீ வாயத் தொறந்தீன்னா, இந்த வாசல்ல உனக்கு அப்புறம் சோலியில்ல. சொல்லிப்போட்டேன்.”

“வெச்சுப் பார்த்தது அப்பாருங்க” என்றாள் அவள். “நீங்க டிராக்டர் பார்த்தீங்க.”

உள்ளே இழுத்துக்கொண்டு போன அம்மா, நறுக்கென்று கையில் கிள்ளினாள். “வாய மூடிக்கிட்டு இரு கண்ணு. நமக்குப் போக்கிடம் வேற எங்கிருக்குது?” அம்மாவின் பயம் நியாயமான பயம்தான். அதை யோகப்பிரியாவால் தள்ளவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவளுடைய அப்பா லாரி விபத்தில் போனபோது அவளுக்கு நினைவு தெரியாத வயசு. அப்புறம் அவளுக்கு அப்பாரு செய்யாதது என்ன? தலை பின்னிவிட்டது அவர். பிடரி மயிர் பின்னிப் பழகிய கை, சடை பள்ளிக்கூடம் விட்டு வருகிறவரை அவிழாது. சாயங்காலம் வந்ததும், “காலக் காட்டு” என்பார். முள் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மோந்துகூடப் பார்ப்பார். “அய்யே, அப்பாரு!” என்று இவள் நெளிவாள். “புண்ணு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாலயே நாத்தத்துல தெரியும். சும்மா இரு” என்பார். அவள் சாப்பிட்டு, நாய் சாப்பிட்டு, கன்றுக்குட்டி சாப்பிட்டபிறகுதான் அவர் தட்டைத் தொடுவார். “மொத சீவன், பொறவு மனுசன்” என்பது அவருக்குப் பட்டாளம் போட்ட சட்டம். பென்சனுக்கப்புறமும் அதை ரத்து செய்யவில்லை.

அவள் பெரியவளானபோது வழக்கப்படி வாசலுக்கு வெளியே பச்சை ஓலையில் குச்சுக் கட்டி உட்கார வைத்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மழை. குச்சு ஒழுகியது. ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரப் பொம்பளைகள் அத்தனை பேரும் திண்டாடிக்கொண்டிருக்க, அப்பாரு குடையோடு போய் ஓலையை ஒரே உதையில் சாய்த்து, அவளைக் கையைப் பிடித்து நடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். “தீட்டு!” என்று கத்தினார்கள். “மழையில என்ற கச்சரயே நான் வெளிய கட்டுனதில்ல. பேத்தியக் கட்டுவனா? போங்கடி அக்கட்ட!” என்றார். அந்தக் குரல் இன்னும் அவள் காதில் இருக்கிறது. அந்த மனுசனைப் போய்ப் புலியோடு நிறுத்திவிட்டார்களே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

கருமாதியன்று விடிந்தபோது அவள் முடிவுக்கு வந்திருந்தாள். ஒரே ஒரு ஆளுக்குப் போன் போட்டாள். “செல்லத்துரை அண்ணா, மத்தியானப் பந்திக்கு வந்துருங்க. வரும்போது அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்றாள்.

செல்லத்துரை ஊர் ஊராகக் கழுதைப் பால் விற்கிறவன். ஒரு தாய்க்கழுதையும் குட்டியும் அவன் சொத்து. வீதியில் கூவிக்கொண்டு போகிறவனை நிறுத்தி, அதன் குளம்பைச் சீவிக் கொடுத்து, மோர் கொடுத்து அனுப்புவார் அப்பாரு. ஊரில் அப்பாருவோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு ஒருவரும் கருமாதி சொல்லவில்லை.

பொள்ளாச்சிக்காரர்கள் ரெண்டு காரில் வந்து இறங்கினார்கள். சடங்கெல்லாம் முடிந்து பந்தலில் படத்திறப்பு. வார்டு மெம்பர் மைக்கைப் பிடித்து, மலையாளமும் தமிழுமாக அனுசோசனம் என்று இரங்கல் சொன்னார். கார்கிலில் ரத்தினசாமி எதிரிகளை ஓட ஓட விரட்டியதை நேரில் பார்த்த மாதிரியே சொன்னார். திரை விலகியது. அதே பயில்வான், அதே துப்பாக்கி, இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள். செங்கோட்டையன் எழுந்து நின்று கும்பிட்டார். பெரியப்பாவின் நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது.

“குடும்பத்துல இருந்து ஆராவது ரெண்டு வார்த்தை” என்றார் மெம்பர். கௌசிக் எழுவதற்குள் யோகப்பிரியா மைக்கை வாங்கிவிட்டாள்.

“எல்லாரும் படத்தை நல்லாப் பாருங்க. வலது தோளுக்குப் பின்னால கூரா ஒண்ணு தெரியுதுங்களா? மலைன்னு நினைச்சிருப்பீங்க. அது மலையில்லைங்க, காது. பட்டாளத்துல இருந்தப்ப எங்கப்பாரு ஒரே ஒரு போட்டோதான் எடுத்தாரு, அவரோட கோவேறு கழுதை ராணியோட. அதுலிருந்து அவரு தலைய மட்டும் வெட்டி எடுத்திருக்கறாங்க. வெட்டினவங்க அதோட காதை வெட்டாம உட்டுட்டாங்க.”

பந்தலில் எல்லாத் தலையும் படத்தை நோக்கி நீண்டது.

“எங்கப்பாரு கார்கிலுக்குப் போகல. யாரையும் சுடல. பட்டாளத்துல கழுதை...”

மைக் செத்தது. பெரியப்பா கண் காட்டியிருந்தார். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தோட்டத்தில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். “கழுதை மேய்ச்சாருங்க! மேய்ச்சுத்தான் எங்களையெல்லாம் ஆளாக்குனாரு! கேக்குதுங்களா பின்னால?”

கேட்காமல் என்ன, ஊருக்கே கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கௌசிக் தலையைத் தொங்கப் போட்டான். செங்கோட்டையன் பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா தரையைப் பார்த்தார். “சின்னப் புள்ளதானுங்க. துக்கத்துல என்னமோ உளறுது. எல்லாரும் சாப்பிட உக்காருங்க” என்று பெரியப்பா இளித்துக்கொண்டே எல்லாரையும் பந்திக்குத் தள்ளினார்.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. முதல் கை வைக்கப் போகும்போதுதான் கேட் பக்கம் சத்தம். செல்லத்துரையை உள்ளே விடாமல் ரெண்டு பேர் மறித்துக்கொண்டிருந்தார்கள். யோகப்பிரியா ஒரு தலைவாழை இலை நிறையச் சோறும் வெல்லமும் கடலைக்கொடியும் அள்ளிக்கொண்டு போனாள். மறித்தவர்களை விலக்கிக் கேட்டை அகலத் திறந்தாள்.

“எங்க ஊட்டு வழக்கமுங்க” என்றாள் பந்தியைப் பார்த்து. “மொத சீவன், பொறவு மனுசன். எங்கப்பாருக்குக் கருமாதின்னா இப்படித்தான் நடக்கும். பசி பொறுக்காதவங்க சாப்பிடுங்க, நான் தடுக்கல.”

கழுதை உள்ளே வந்தது. ஜல்லியில் நாலு அடி வைத்ததும் வெடுக்கென்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. இலையை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்லத்துரை குனிந்து காலைப் பிடிக்கப் போனான், திரும்பி ஒரு உதை விட்டது. அவன் ஜல்லியில் உட்கார்ந்தான். குட்டி மிரண்டு தாயைச் சுற்றிச் சுற்றி ஓடியது. தாய் வாயைப் பிளந்து ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், பந்தலே கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் எவனோ அதே மாதிரி கத்திக் காட்டினான்.

பெரியப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தல் ஓரத்தில் கிடந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. யோகப்பிரியா கழுதைக்கு முன்னால் போய் நின்றாள். “என்னைய அடிச்சுட்டு அதை அடிங்க” என்றாள்.

அவர் அவளைத் தள்ளிவிட்டார். கழியை ஓங்கினார். ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. அவர் பார்வை கழுதையின் முகத்தில் இல்லை, காலில் இருந்தது. அது குளம்பைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து நடுங்கிக்கொண்டிருந்தது.

கழி கீழே விழுந்தது. பெரியப்பா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ‘டொக், டொக்’ என்று மெல்லச் சத்தம் கொடுத்தார். அந்தச் சத்தத்தை யோகப்பிரியா அப்பாருவைத் தவிர வேறு யாரிடமும் கேட்டதில்லை. பக்கவாட்டில் நெருங்கி, தன் தோளைக் கழுதையின் தோளில் சாய்த்தார். கழுத்தில் வைத்த கையை எடுக்காமல் தோள், முழங்கால் என்று தடவிக்கொண்டே கீழே வந்தார். கணுக்காலுக்கு மேலே ரெண்டு விரலால் லேசாக அழுத்தினார். கழுதை காலை அவர் கையில் கொடுத்துவிட்டது. அப்படியே குத்துக்காலிட்டு, குளம்பைத் தன் முழங்கால்மேல் திருப்பி வைத்து, இடுப்பிலிருந்த கார் சாவியால் நெம்பினார். உள்ளே சிக்கியிருந்த ஜல்லிக்கல் ஒன்று தெறித்து விழுந்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவி, விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

யோகப்பிரியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அங்கே குந்தியிருந்தது அவளுடைய அப்பாருதான். அந்த முதுகு, அந்தக் கை, அந்த மூக்கு.

செங்கோட்டையன் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். விவசாயி அல்லவா, வேலை தெரிந்த கையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். “ஏனுங்க, இதெல்லாம் ஆருங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார். கேட்டதில் கிண்டல் எதுவும் இல்லை.

பெரியப்பா நிமிரவில்லை. குளம்பு இன்னும் முழங்கால்மேல்தான் இருந்தது. வெள்ளை வேட்டியில் சாணியும் மண்ணும் அப்பியிருந்தன. ஒருமுறை திரும்பிப் படத்தைப் பார்த்தார், தோளுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காதைப் பார்த்தார். அப்புறம் பின்வரிசையில் கத்திக் காட்டியவன் இருந்த பக்கம் பார்த்தார்.

“எங்கப்பன்” என்றார். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி திரும்பச் சொன்னார். “எங்கப்பன்தானுங்க! கார்கிலும் இல்ல, பீரங்கியும் இல்ல, நாஞ்சொன்னதெல்லாம் பொய்யி. பட்டாளத்துல கழுதை மேய்ச்சவன் எங்கப்பன். அதுக்கென்னங்க இப்ப? பொண்ணுக் குடுக்கறதுன்னா கழுதைக்காரன் பேரனுக்குக் குடுங்க. இல்லியா, சாப்பிட்டுட்டுப் போங்க.”

செங்கோட்டையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மறு கையை யோகப்பிரியாவிடம் நீட்டி, இலையை வாங்கிக் கழுதையின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“ஆனா கொஞ்சம் பொறுங்க” என்றார். “மொத இது திங்கட்டும்.”